சின்னவளுக்குக் கல்லூரி பார்த்துவிட்டு வந்த கதை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்களா, பேரனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா. இங்கே எனக்கும் சின்னவளுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் போனில் பேசினால் அடுத்த அறையில் அவள் காதில் விழும், அதோடு நீ அப்பா என்று கூப்பிட்டதும் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் ஆஸ்பத்திரியில் என் பழுதுபார்க்கும் அறையில், மேசைமேல் கிடந்த மருந்தேற்றும் பம்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். நடுவில் என்னைத் திட்டத் தோன்றினால் திட்டிவிட்டு மேலே படி.

சின்னவளுக்கு இந்தப் படிப்பு மேல் ஏன் இத்தனை பிடிவாதம் என்று உனக்குத் தெரியும். அம்மாவுக்கு மூன்று வருடம் டயாலிசிஸ் நடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து, மெஷின் கத்தும்போதெல்லாம் இது ஏன் கத்துது, எதுக்குக் கத்துது என்று டெக்னீஷியன் உயிரை வாங்கியவள். இவள இந்த மெஷினுக்கே கட்டி வச்சிடலாம்னு அம்மா சிரிப்பாள். அம்மா போனபிறகு, படித்தால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்தான் என்று ஒற்றைக் காலில் நின்று, மார்க்கும் எடுத்து, இரண்டு கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஒன்று வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். இன்னொன்று ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டும், ஹாஸ்டலில்தான் தங்கவேண்டும், ஆனால் கல்லூரியோடு ஒட்டியே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அவள் அப்போது காய்ச்சலில் படுத்திருந்ததால் நானே இரண்டையும் போய்ப் பார்த்தேன். கிளம்பும்போது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, நீங்க பாத்துட்டு வந்து எதச் சொல்றீங்களோ அதுதாம்ப்பா, மெஷின் விஷயத்துல உங்க பேச்சுக்கு அப்பீலே கிடையாது என்றாள்.

என் வழக்கம் உங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். எந்த மெஷினைப் பார்த்தாலும் முன்பக்கம் பார்க்கமாட்டேன், திருப்பிப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான் பார்ப்பேன், கடைசியாக என்றைக்குச் சோதித்தார்கள், யார் கையெழுத்து என்று. பக்கத்துக் கல்லூரியில் கட்டடமெல்லாம் பளபளவென்று இருந்தது, காபி கொடுத்து உபசரித்தார்கள். லேபில் மெஷின்கள் வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே நிற்கின்றன, ஒன்றின் பின்னாலும் ஸ்டிக்கர் கிடையாது, ஒரு பம்பின் ஒயரில் கம்பெனிக்காரன் போட்ட கட்டுகூட அவிழ்க்கவில்லை. மறுநாள் தூரத்துக் கல்லூரிக்குப் போனேன். பழைய கட்டடம், சுண்ணாம்பு உதிர்கிறது. ஆனால் ஒவ்வொரு மெஷினின் பின்னாலும் அந்த வாரத்துத் தேதி, கீழே படிக்கிற பிள்ளைகள் கையெழுத்து. ஒரு மேசையில் ஈசிஜி மெஷினைக் குடலைப் பிரித்த மாதிரி பிரித்துப் போட்டு, ஒரு பெண் ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள், ஆள் வந்து நிற்பதுகூடத் தெரியாமல். அந்த நாற்காலியில் நம் சின்னவளைத்தான் பார்த்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன் நான், அங்கிருந்து நம் வீட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்வது என்றுதான் ரயிலில் வரும்போது முடிவு செய்திருந்தேன், இது சத்தியம். வீட்டுக்கு வந்தால் காய்ச்சலோடு எழுந்து எனக்காகச் சமைத்துவைத்திருக்கிறாள், இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அடுத்த மாதத்திலிருந்து ஒரு தட்டுதான் என்று ஒரு நினைப்பு வந்தது பார், அவ்வளவுதான். அங்கே பார்த்ததை இங்கே என்றும் இங்கே பார்த்ததை அங்கே என்றும் மாற்றிச் சொல்லிவிட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை அம்மாடி, அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று அன்று சாயங்காலமே தூரத்து இடம் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டாள். நான் வயிறாரச் சாப்பிட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

கல்லூரி திறந்து முதல் லேப் வகுப்பு முடிந்து வந்த அன்று, குட்டு உடைந்தது, இன்றைக்கு என்னைக் கிழிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பா அங்க ஒரு ஸ்டிக்கரும் இல்லப்பா, உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலபோல, ஆஸ்பத்திரியில கரண்ட்ல கைய வைக்கிற வேல, பயமா இருக்குப்பா என்றாள். அப்பா பொய் சொல்லியிருப்பார் என்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை. அன்றிலிருந்து என் மாத்திரை அட்டையை அவளே படித்துக் கொடுத்தாள், சட்டைப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள், நானும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கண் பிரிவில் இருக்கும் டாக்டர், தடித்த கண்ணாடிக்காக நாங்கள் சோடாபுட்டி என்று கூப்பிடும் என் சிநேகிதனிடம் அழைத்துப்போய் உட்காரவைத்தாள். எழுத்துப் பலகையைத் தப்புத் தப்பாகப் படித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், அவ்வளவு கேவலமான ஆள் உன் அப்பன். முடியவில்லை. கடைசி வரிவரைக்கும் படித்தேன், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தேன். சோடாபுட்டி கைதட்டி, உங்கப்பாவுக்குக் கழுகுக் கண்ணும்மா, என்னோட கண்ணாடிய மாட்டிவிட்டாக்கூட அவருக்குப் பார்வை ஒண்ணும் குறையாது என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒன்றுதான் கேட்டாள், அந்தக் காலேஜ் நெஜமா எப்படிப்பா இருந்துச்சு என்று. எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை மெஷின், பிள்ளைகள் வார்டுக்குள் போவார்களா, அந்தப் பெண் எந்த மெஷினைப் பிரித்திருந்தாள் என்று சின்ன வயதில் கதை கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள், கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இறங்கும்போது சரி விடுங்கப்பா என்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கல்லூரித் துறைத் தலைவருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதிப்போட்டேன். நல்ல மனுஷர், ஒரு மாணவன் விலகிப்போனதால் ஓர் இடம் காலி, இருபதாம் தேதிக்குள் வந்து சேர்ந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்துவிட்டது. இவள் போகமாட்டேன் என்கிறாள். உங்கள யாருப்பா பாத்துக்குவா, பொய் சொல்ற அளவுக்கு உங்களுக்குப் பயம்னா நான் எப்படிப் போவேன் என்கிறாள். என்மேல் பரிதாபப்பட்டு என் பெண் தன் படிப்பைக் கெடுத்துக்கொள்கிறாள், நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

அதனால் உன்னிடம் ஓர் உதவி. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் போட்டு, அப்பா கொஞ்ச நாள் என்கூட வந்து இருக்கப்போறார், நீ கவலப்படாமக் கிளம்பு என்று சொல்லு. நான் வரப்போவதில்லை, உன் வீட்டில் இடம் போதாது என்பதும் எனக்குத் தெரியும், எனக்கு இங்கே வேலையும் இருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆனபிறகு நானே சொல்லிக்கொள்கிறேன். இப்படி உன்னைப் பொய் சொல்லவைப்பது தப்புதான். தனியாகச் சமாளித்துக்கொள்வேன் என்று நானே அவளிடம் சொல்லிப் பார்க்காமல் இல்லை. நேற்று அவள் கல்லூரியிலிருந்து வந்ததும் சாப்ட்டீங்களாப்பா என்று கேட்டாள், சாப்பிட்டேன் என்றேன், உண்மையில் சாப்பிட்டிருந்தேன். சரிப்பா என்று தலையாட்டிவிட்டு, சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்கவேண்டும். மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல், ஒளிக்காதே. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடு, அப்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா