படையலுக்கு எந்த மாட்சா?

கடையின் உள்மேசையில் மூன்று டின்கள் திறந்து கிடக்கின்றன. மழைக்காக ஜன்னலைச் சாத்தியிருப்பதால் அறை முழுக்க அந்தப் பச்சைத் தூளின் மணம். வெட்டிய புல்லும் வேகிற கீரையும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். உனக்குப் பிடித்தது. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மாட்சா என்கிற இந்த ஜப்பான் பச்சைத் தேயிலைத் தூளைத் திறந்தபின் சீக்கிரம் தீர்க்காவிட்டால் வைக்கோல் வாடை அடித்துவிடும். இத்தனையையும் யார் குடித்துத் தீர்ப்பது? நீயா வரப்போகிறாய்?

நேற்று உன் முதல் திவசம். அதற்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம். போன வாரம் உன் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். "தங்கச்சி, படையலுக்கு மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன். அவ குடிக்கிற அந்தப் பச்சத் தேத்தண்ணி மட்டும் நீதான் ஊத்தித் தரணும். எனக்கு அதப் பத்தி ஒண்ணுமே தெரியாது." செத்தவர்களுக்குப் பிடித்ததை வைக்காமல் படையல் போட மனம் வருமா? சரிங்கண்ணே என்று சொல்லிவிட்டேன். அவர் போனபிறகுதான் உறைத்தது. நீ என்ன குடித்தாய் என்று எனக்கும் தெரியாது.

சொன்னால் யாராவது நம்புவார்களா? தேயிலை மலைக்கு நடுவே, ஹட்டன் ஸ்டேசனுக்கு எதிரே இத்தனை வருசம் இரண்டு பேரும் சேர்ந்து இந்தத் தேநீர்க் கடையை நடத்தியிருக்கிறோம். ஆனால் நீ கடையில் ஒரு வாய் குடிக்க மாட்டாய். "விக்கிற சாமான நாமளே குடிச்சா கடை வெளங்குமாடி?" என்பாய். ஒரு சின்னப் போத்தலில் தூளை அள்ளிக்கொண்டு போய் விடியற்காலையில் வீட்டில் ஊற்றிக் குடிப்பாய். எந்த டின்னிலிருந்து அள்ளினாய் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. நீயாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

முதன்முதலில் ரயிலில் வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் மாட்சா இருக்கிறதா என்று கேட்டபோது உனக்கு வந்த கோபம் எனக்கு நினைவிருக்கிறது. "தேயிலைக்குள்ளயே நின்னுகிட்டு வேற தேயிலை கேக்குறாங்க பாரு!" என்றாய். அடுத்த வாரமே நீதான் கொழும்பு வியாபாரியிடம் இரண்டு மாதிரிப் பைகள் வரவழைத்தாய். ஒன்று மாவாக, பளிச்சென்ற பச்சை. மற்றது கொஞ்சம் நறநறவென்று, காய்ந்த இலை நிறம். இரண்டு பேரும் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவர்கள் அல்லவா, நமக்கா தெரியாது! தொழிற்சாலையில் சலித்துச் சலித்துக் கடைசியில் அடியில் விழுகிற தூள்தான் டஸ்ட். லயத்துக்குக் கொடுப்பதும் அதுதான். "மாவா இருக்கிறது டஸ்ட்டு, பெரிசா இருக்கிறதுதான் நல்ல கொழுந்து," என்று நீ தீர்ப்புச் சொன்னாய். நானும் தலையாட்டினேன். மாட்சாவில் கணக்கு தலைகீழ் என்று தெரியாமல் மட்டமானதைப் பெருமையாகத் தேர்ந்தெடுத்தோம்.

அதோடு விட்டோமா? கேத்தலில் கொதிக்கவைத்து, துணி வடியில் வடிகட்டினோம். பச்சையெல்லாம் துணியில் தங்கிவிட்டது. கோப்பையில் விழுந்தது கலங்கல் தண்ணீர். இலையை அப்படியே அரைத்த தூள், வடிகட்டாமல் முழுசாகக் குடிக்க வேண்டியது என்று நமக்கு யார் சொன்னார்கள்? முதலில் வாங்கிய வெளிநாட்டுப் பெண் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மரியாதைக்குச் சிரித்தாள். நீ உள்ளே ஓடிப்போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். எனக்கு மானம் போயிற்று.

பிறகு கெட்டுக் கெட்டுத்தான் கற்றோம். வெள்ளைத் தாளில் விரலால் தேய்த்தால் நல்ல தூள் முகப்பவுடர் மாதிரி வழுக்கும், நிறமும் மங்காது. மஞ்சள் தட்டினால் முற்றின இலை, இல்லாவிட்டால் பழசு. நிழல் கட்டி வளர்த்த இளங்கொழுந்து என்றால் வெறும் சுடுதண்ணீரில் அடித்தாலே நாக்கில் ஒரு இனிப்பு நிற்கும். தண்ணீர் கொதிக்கக் கூடாது, கொதித்தால் கசந்துவிடும். முட்டை அடிக்கிற கம்பியால் நுரைக்க அடிப்பதை நீதான் கண்டுபிடித்தாய். கடைசியில் வெறுமனே குடிப்பவர்களுக்கு ஒரு தூள், கேக்குக்கு ஒரு தூள் என்று இரண்டு வகை வைத்துக்கொண்டோம்.

நாம் வழக்கமாக வாங்கிய குடிக்கிற தூள் இப்போது வருவதில்லை. கொழும்புக்குப் போன் போட்டேன். "மிஸ், எல்லாமே செரிமோனியல் கிரேட்தான். எது வேணும்?" என்றான் கடைக்காரன். எல்லாமே உயர்தரம் என்றால் அப்புறம் தரம் எதற்கு? நம் பக்கத்துக் கறுப்புத் தேயிலையில் ரகத்தின் பெயரைச் சொன்னால் இலையின் அளவாவது தெரியும். இதில் செரிமோனியல் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் டின்னில் அச்சடிக்கலாம், ஏனென்று கேட்க ஆளில்லை. ஆத்திரத்தில் மூன்றையும் அனுப்பச் சொன்னேன். ஒன்று பழுப்பு. ஒன்று தொண்டையைப் பிடித்தது. மூன்றாவது உண்மையிலேயே நன்றாக இருந்தது. அப்பாடா என்று திவசத்துக்கு முந்தின நாள் உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நுரைக்க அடித்துக் கொடுத்தேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. "இது இல்ல தங்கச்சி," என்றார்.

"நல்லாக் குடிச்சுப் பாருங்கண்ணே. இருக்கிறதுலயே ஒசத்தி இதுதான்."

"ஒசத்தியா இருக்கட்டும். அவ குடிச்சது இது இல்ல. டம்ளர நான்தானே கழுவுவேன்? அடியில டின் பால் ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். இஞ்சிச் சக்கை வேற இருக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டின்னைத் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பேன். சீனி போட்டுக் காய்ச்சின கெட்டி டின் பாலும் இஞ்சியும்! அதன் முன்னால் இந்த மென்மையான தூள் நிற்குமா? இருந்த இடமே தெரியாது. அதற்குத் தாக்குப்பிடிப்பது கசப்புத் தூக்கலாக உள்ள கேக்குத் தூள் மட்டும்தான். அது கேக்குச் சுடுகிற போரணைக்குப் பக்கத்துத் தட்டில், என் தலைக்கு மேலேயே இருந்தது. ஊருக்கெல்லாம் ஒசத்தியை ஊற்றிக் கொடுத்துவிட்டு நீ கேக்குத் தூளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறாய். சிக்கனமா, நாக்கே அப்படியா? கேட்க நீ இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நேற்று கேக்குத் தூளைத்தான் அடித்து, டின் பால் விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, உன் சில்வர் டம்ளரில் படையலில் வைத்தேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் உன் வீட்டுக்காரர் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். வெகுநேரமாகத் தண்ணீர் ஓடுகிற சத்தம். போய்ப் பார்த்தேன். கழுவிக்கொண்டே இருந்தார்.

"போதும்ணே, சுத்தமாயிருச்சு."

"இல்ல தங்கச்சி. இன்னும் ஒட்டியிருக்கு," என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. டம்ளரை என்னோடு கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இதோ, டின்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாளைக் காலையிலிருந்து இந்தத் தூளை நானே குடித்துத் தீர்க்கப் போகிறேன். கடையில் உட்கார்ந்து, ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, உன் டம்ளரில்தான் குடிப்பேன். மூன்றிலும் ஒசத்தியான அந்தத் தூளில்தான் டின் பாலை ஊற்றுவேன். நல்ல தூளை நாசமாக்குறியேடி என்று நீ கத்துவாய். வந்து கத்து.