உன்னைக் கேட்டுத்தான் கொடுத்தார்கள்

இன்று காலை, நாம் சேர்ந்து வேலை பார்த்த கோழிப் பண்ணையில் புதுத் தீவன மூட்டையைப் பிரித்தார்கள். கருவாட்டு வாசம் கொட்டகை முழுக்க ஏறியது. உடனே உன் நினைவு. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! மாலை வகுப்பில் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் வருகிறது. உனக்கென்ன அவசரம்?

உன் ரத்தப் புற்றுநோய்க்கு எந்த மருந்தும் கேட்காமல் போனபோது, சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "இது புது மாத்திரைங்க ஐயா. மிருகங்களுக்குக் குடுத்துப் பாத்தாச்சு. மனுசங்களுக்கு இப்பத்தான் ஆரம்பிக்கறோம். எவ்வளவு குடுத்தா உடம்பு தாங்கும்னு பாக்கத்தான் இது. குணமாகும்னு நான் சொல்ல மாட்டேன். வேண்டாம்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும், "குடுத்துப் பாக்கறதுக்கு நீயென்ன பண்ணைக் கோழியாடா?" என்றேன்.

நீ சிரித்தாய். "புதுத் தீவனத்த ஒரு வரிசைக் கூண்டுக்கு மட்டும் போட்டுப் பாப்பமே, அந்தக் கோழிகளக் கேட்டா போட்டோம் மாப்ள? என்னைய உக்கார வெச்சுக் கேக்கறாங்கல்ல."

சம்மதம் சொல்வதை வீடியோ எடுத்தார்கள். என்னிடம் சீப்பு வாங்கித் தலை வாரிக்கொண்டாய், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. புரிந்ததைச் சொல்லச் சொன்னார்கள். "எனக்குக் கொணமாகாமப் போலாமுங்க. பின்னால வாரவங்களுக்கு அளவு தெரியுமுங்க" என்றாய்.

உனக்கு முன்னால் சேர்ந்தவர்களைவிட உனக்குச் சற்றுக் கூடுதல் அளவு. வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. மாத்திரையை உடனே நிறுத்தினார்கள், புண்ணும் ஆறியது. நோய்தான் நிற்கவில்லை. தை மாதம் போய்விட்டாய்.

காரியம் முடிந்ததும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவரோ எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அவருக்கு வாய் புண்ணானதாலதான் அளவக் குறைச்சோமுங்க. இப்ப அத எடுத்துக்கறவங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லைங்க" என்றார்.

"யாருங்க அவங்க?"

"பேர் சொல்லக் கூடாதுங்க ஐயா. ஆனா நல்லாச் சாப்பிடறாங்க."

கொண்டுபோன சண்டையை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

எனக்கும் இப்போது பிரஷர் மாத்திரை உண்டு. தினமும் காலையில் அதை விழுங்கும்போது, எனக்கு முன்னால் யாரோ ஒருவர் இதை முதலில் விழுங்கிப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. தலை வாரிய உன் முகத்தையே அவருக்கும் வைத்துக்கொண்டேன்.