அளவு பொருந்தாத இறக்கை

குளுவாங்,
புதன்கிழமை.

அன்புள்ள குமாருக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பத்தான் விரும்புகிறேன், ஆனால் கைப்பேசியில் தெரிகிற முகம் அதை உறுதிப்படுத்தவில்லை. ஜெர்மனியில் இருப்பவனுக்கு அம்மா ஏன் தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்புகிறேன். கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்தான். வெள்ளிக்கிழமைக்குள் போட்டிக் குழுவுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாயே, அந்த மேல்முறையீட்டை அனுப்பாதே. நடுவர் அளந்தது சரி. இருபது புள்ளி வெட்டியதும் சரி.

அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனால் நில அலுவலகத்தில் மாடி ஏறும்போது மட்டும் வலிக்கிறது என்கிறார், வீட்டில் அலமாரி மேல் ஏறும்போது வலிப்பதில்லை போலிருக்கிறது. திலகம் பெரியம்மா போன வாரம் யோங் பெங்கிலிருந்து வந்து, உன் கல்யாணத்தைப் பற்றி நான்கு முறை கேட்டுவிட்டுப் போனார்கள். அவனிடமே கேளுங்கள் என்று உன் எண்ணைக் கொடுத்துவிட்டேன், கோபிக்காதே. எனக்குச் செம்பனை எண்ணெய் மில்லில் எப்போதும் போல வேலை. இந்த மாதம் மழை அதிகம் என்பதால் வருகிற பழக்குலையெல்லாம் ஈரம், எண்ணெயில் அமிலம் கூடுகிறது, நான் சோதனைக்கூடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், மேலாளர் முகம் சுளிக்கிறார். இருபத்திரண்டு வருஷமாகக் குடுவையில் ஒரு எண், ஏட்டில் வேறு எண் என்று நான் எழுதியதில்லை. அப்படிப்பட்டவள்தான் மூன்று வாரமாக உன்னை ஏமாற்றியிருக்கிறேன்.

நீங்கள் ஐந்து பேர் பட்டம் வாங்கிய கையோடு, ஆளுக்கு ஒரு மாணவர் அணியை எடுத்து, எடை சுமந்து பறக்கிற மாதிரி விமானம் வடிவமைக்கிற போட்டிக்கு வழிகாட்டப் போகிறோம் என்று வந்து நின்றபோது நான் பெரிதாக நம்பவில்லை. வேலை கிடைத்ததும் விட்டுவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். மற்ற நான்கு பேரைப் பற்றித் தெரியாது, நீ விடவில்லை. அங்கே போய் ஏழு மாதமாகியும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு எழுந்து உட்கார்ந்து, நம் வீட்டு கார் போர்ச்சில் இருக்கும் ஆறு பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். உன் சம்பளத்தில் மோட்டார் வாங்கி அனுப்பினாய். நான் வாயால் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன், எனக்கு அது பெருமையாக இருந்தது.

நீ வரைந்த இறக்கையை அவர்கள் அப்படியே செய்தார்கள் குமார், அதை முதலில் நம்பு. நூற்று எண்பது சென்டிமீட்டர், ஒல்லியாக, நீளமாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பால்சா மரத்தை அறுத்து ஒட்டி, மேலே அந்த நீலத் தாளை என் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினார்கள். அந்தப் பெட்டியால் இனி துணி தேய்க்க முடியாது, என் வேலைக் கோட்டில் நீலப் பட்டை விழுந்துவிட்டது. ஆனால் மூன்று நாள் மழைக்குப் பிறகு பார்த்தால் தாள் தளர்ந்து, மரம் ஈரம் குடித்து, எடையை ஏற்றித் தூக்கினால் இறக்கையின் நுனி முறுக்கிக்கொண்டது. பள்ளித் திடலில் பறக்கவிட்டபோது திரும்புகிற இடத்தில் இடது பக்கம் சாய்ந்து புல்லில் குத்தியது. உன்னிடம் சொன்னார்கள். மரத்தை நன்றாகக் காயவைத்துத் திரும்பச் செய்யுங்கள் என்றாய். திரும்பச் செய்தார்கள். மறுபடியும் சொன்னார்கள், மறுபடியும் செய்யச் சொன்னாய். மூன்றாவது முறை அவர்கள் சொல்லவில்லை. "ஓகே அண்ணா, பண்ணிடுறோம் அண்ணா" என்று மட்டும் சொன்னார்கள். நீ அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு இணைப்பைத் துண்டித்ததும், ஷாமளா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

உனக்கு அவளை அணித் தலைவியாகத்தான் தெரியும். அவள் மெதுவாகப் பேசுகிற பிள்ளை, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். அவள் போட்ட கணக்கில் இறக்கை நூற்றைம்பத்து நான்கு சென்டிமீட்டர், அகலம் அதிகம், உள்ளே ஒரு கார்பன் குழாய். இரண்டு வாரத்தில் செய்துவிட்டார்கள். திடலில் பறக்கவிட்டார்கள், சாயவில்லை. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ அந்த வாரம்தான் நீள இறக்கையைப் பற்றி அரை மணி நேரம் பேசி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வரைந்ததாகச் சொல்லியிருந்தாய். அதனால் அணியில் இருக்கிற சர்புதீன் ஒரு வழி கண்டுபிடித்தான். உடலும் வாலும் ஒன்றுதான், இறக்கையை நான்கு திருகாணி பிடித்துக்கொண்டிருக்கிறது, கழற்றி மாட்டப் பத்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவதற்கு முன்னால் உன் இறக்கையை மாட்டுவார்கள். நீ பார்த்து முடித்ததும் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு, தங்கள் இறக்கையை மாட்டுவார்கள். அவன் அப்பா கடை முர்தபாவை என் முன்னால் வைத்துக்கொண்டு, "ஆன்டி, அண்ணாகிட்ட சொல்லிடாதீங்க, அவரு மனசு ஒடைஞ்சிடும்" என்றான். நான் சாப்பிட்டேன். உன் அப்பா உள்ளே இருந்தபடி, "உங்க ஆன்டியும் கள்ளக் கூட்டத்துல சேந்தாச்சு, இனிமே வீட்ட பூட்டித்தான் வைக்கணும்" என்றார். நான் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை இறக்கைப் பக்கம் திருப்பச் சொன்னாயே, திருப்பியது நான்தான். முறுக்கு தெரியாத பக்கமாகத் திருப்பினேன்.

வடிவமைப்பு அறிக்கையில்தான் மாட்டிக்கொண்டார்கள். அனுப்புவதற்கு முன்னால் அது உன் பார்வைக்கு வரும் அல்லவா, அதனால் அதில் உன் வரைபடத்தையே விட்டுவிட்டார்கள். பறக்கப் போவது வேறு இறக்கை என்பதை ஆறு பேரில் ஒருவர்கூட அங்கே எழுதவில்லை. படித்த பிள்ளைகள், எத்தனையோ சூத்திரம் தெரியும், வந்து அளப்பார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும், என் பிழைப்பே அளப்பதுதான்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பெக்கான் நானாஸ் தாண்டி, அன்னாசித் தோட்டத்தை ஒட்டிய திடல். பொறுப்பாசிரியருக்குக் காய்ச்சல் என்பதால் நான்தான் வேன் ஓட்டிக்கொண்டு போனேன். உன் இறக்கையையும் பழைய போர்வையில் சுற்றி எடுத்துப் போனோம், பறக்கவிடுவதற்கு முன்னால் காணொளியில் பார்க்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்ததால். நீ கூப்பிட்டபோது சர்புதீன், "இங்க லைன் இல்ல அண்ணா, கட்டாயிடுது" என்றான் அல்லவா. லைன் நன்றாகவே இருந்தது. அந்த நேரத்தில் நடுவர், கண்ணாடி போட்ட ஒரு சீனப் பெண்மணி, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வரைபடத்தில் நூற்று எண்பது, நாடாவில் நூற்றைம்பத்து நான்கு. அவர் கோபப்படவில்லை. வரைபடத்துக்குப் பொருந்துகிற இறக்கை இருந்தால் அரை மணி நேரத்தில் மாட்டிக்கொண்டு வாருங்கள், வெட்டு இல்லை, இல்லாவிட்டால் இருபது புள்ளி போகும் என்றார். இறக்கை வேனில் இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. சர்புதீன் என்னைப் பார்த்தான். விமானத்தை ஓட்டுகிற ஹாஃபிஸ், எடை ஏற்றாமல் மெதுவாக ஒரு சுற்று விட்டால் விழாது, ஏதோ கொஞ்சம் புள்ளி கிடைக்கும், "போலே லா", முடியும் என்றான். எல்லோரும் ஷாமளாவைப் பார்த்தார்கள். அவள் வழக்கம் போல நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு நடுவரிடம், "மேடம், பறக்கறதுக்குன்னு நாங்க செஞ்சது இதான். படத்த மாத்தாம அனுப்பினது எங்க தப்பு, வெட்டிக்குங்க" என்று அவருக்குப் புரிகிற மலாயில் சொன்னாள். யார் வரைந்த படம் என்று அவர் கேட்டார். அணி வரைந்தது என்றாள். உன் பெயரைச் சொல்லவில்லை.

அப்புறம் நடந்தது உனக்குப் பட்டியலில் தெரியும். இரண்டு முறை பறந்தது, இரண்டு முறையும் முழு எடையோடு. இருபத்து மூன்று அணியில் ஏழாவது. அந்த இருபது புள்ளி இருந்திருந்தால் மூன்றாவதாக வந்து தேசியச் சுற்றுக்குப் போயிருப்பார்கள். திங்கட்கிழமை நீ பட்டியலைப் பார்த்துவிட்டு, வாராவாரம் விமானத்தை என் கண்ணால் பார்த்தேன், நடுவருக்கு அளக்கத் தெரியவில்லை, நான் சாட்சி சொல்கிறேன் என்று அணியின் வாட்சாப் குழுவில் குரல் பதிவு போட்டாய். அதைக் கேட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷாமளா இங்கே வந்தாள். உனக்கு எழுத நான்கு முறை ஆரம்பித்து அழித்தாளாம். "அண்ணா எங்களுக்காகப் பொய்ச் சாட்சி சொல்லப் போறாரு, அவருக்கே தெரியாம" என்றாள். இனி உன் முகத்தில் விழிக்க முடியாது, அணியை விட்டு விலகிவிடுகிறேன் என்றாள். விலகுவது இருக்கட்டும், முதலில் மைலோ குடி என்றேன். நானும் கூட்டாளிதான், நானே சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நீ அந்த மேல்முறையீட்டை அனுப்பினால், ஒழுங்காக அளந்த ஒரு பெண்மணியின் மேல் பழி விழும், உன் பெயரும் கெடும், அந்தப் பிள்ளையும் திரும்பி வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் "முடியாது" என்று அவர்களால் ஏன் சொல்ல முடியவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ திட்டுகிறவன் இல்லை. திட்டியிருந்தால் சர்புதீனாவது பதில் சொல்லியிருப்பான். நீ நல்லவனாக இருக்கிறாய், காசு அனுப்புகிறாய், தூக்கத்தை விடுகிறாய், அவர்கள் கேள்வியை முடிப்பதற்குள் பதிலை வைத்துக்கொண்டிருக்கிறாய். இவ்வளவு செய்கிறவனிடம் இது சரியாக வரவில்லை என்று மூன்றாவது முறை சொல்ல யாருக்கு வாய் வரும்? உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை குமார், உனக்கு இது எங்கே பழக்கமானது என்று எனக்குத் தெரியும். உனக்குப் பதினெட்டு வயதில் நான் மருந்தாளர் படிப்புக்கான விண்ணப்பங்களைத் தாள் தாளாகக் கொண்டுவந்து வைப்பேன், நீ "சரிம்மா" என்பாய். ஒரு வருஷம் முழுக்கச் சரிம்மா. கடைசியில் பொறியியலுக்கு இடம் கிடைத்த கடிதத்தைத் தபால்காரர்தான் எனக்குத் தெரியப்படுத்தினார். நீ என்னிடம் பொய் சொன்னதாகத்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், சில சமயம் அதைச் சொல்லியும் காட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் திருகாணியைக் கழற்றி மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், உனக்கும் அப்போது வேறு வழி நான் வைத்திருக்கவில்லை என்று புரிந்தது. தாமதம்தான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை இங்கே மூன்று மணிக்குக் கூப்பிடு. ஆறு பேரும் வருவார்கள், ஷாமளாவை நான் போய்க் கூட்டிவருகிறேன். ஏன் நூற்றைம்பத்து நான்கு என்று அவளைக் கேள். கேட்டுவிட்டு, அவள் முடிக்கிற வரைக்கும் பேசாதே. நடுவில் அமைதியாக இருந்தால் முடித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவர்களை வற்புறுத்தாதே, நீயும் பெரிதாக எதுவும் பேச வேண்டாம், கணக்கில் தப்பு இருந்தால் மட்டும் காட்டு, இருக்காது என்று நினைக்கிறேன். உனக்கு வருத்தமாக இருக்கும், எனக்குத் தெரியும். வருத்தத்தை என்னிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல், எத்தனை மணியானாலும் எடுக்கிறேன். குளிருக்கு உள்சட்டை போடு, தினமும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே, பருப்பு வேகவைக்கப் பொறியியல் பட்டம் போதும்.

உனக்கு எல்லா நலமும் சேர வேண்டும், கற்றதும் கற்றுக் கொடுப்பதும் உன்னோடு நிலைக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. மேல்முறையீட்டை இன்றைக்கே அழித்துவிடு.

அன்புடன்,
அம்மா
மீனலோசனி

பி.கு.: பறந்ததை நான் காணொளி எடுத்தேன். இறக்கை தெரிந்துவிடும் என்று அதை உனக்கு யாரும் அனுப்பவில்லை, இப்போது இதோடு அனுப்புகிறேன். கை ஆடியிருக்கிறது, பாதிக்கு மேல் வானம்தான். ஆனால் அது திரும்புகிற இடம் தெளிவாக விழுந்திருக்கிறது, சாயவில்லை பார். உடலும் வாலும் நீ வரைந்தபடியேதான், அதில் அவர்கள் ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றவில்லை. தரையை விட்டு எழும்பும்போது ஐயையோ என்கிற மாதிரி "அலமாக்" என்று ஒருவர் கத்துவது கேட்கும். சர்புதீன் இல்லை, நான்தான்.