தீபா வண்டியின் அழுக்குத் தண்ணி

ஆகஸ்ட் 4, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று காலையில் ஒரு கரப்பான்பூச்சிக்குப் பயந்து ஷெட்டின் குறுக்குப் பைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஐம்பது வயசு, நல்ல தொந்தி, முடிச்சூரில் சொந்தமாக வெல்டிங் ஷெட், பார்க்கிற ஆளையெல்லாம் ஓட்டியே பொழுதைக் கழிக்கிற துரைராஜ். கீழே நின்றுகொண்டு தயாளன், "இறங்குண்ணா, உன்னைப் பாத்து அதுதான் பயந்து ஓடிச்சு" என்றான். என்னிடம் வயரிங் வேலை பார்க்கிறவன். இனி ஊர் முழுக்க இதையே சொல்லிக்கினு திரிவான்.

ஒரு பூச்சி என்றால் பரவாயில்லை. வண்டிக்குள்ளே ஒரு பேட்டையே குடியிருந்தது.

தீபா வாங்கி, சரிசெய்து தரச் சொல்லி என் ஷெட்டில் விட்ட பழைய ஃபுட் டிரக். யாரோ ஒருவன் அதில் பர்கர் விற்றுப் பார்த்து, ஓடாமல், கழுவாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். சிங்க்குக்கு அடியில் திறந்தோம். மஞ்சளாக இறுகிப்போன எண்ணெய், அதில் ஒட்டிக்கொண்டு முடி. யார் முடியோ. சாப்பிட்ட உடனே இதை எழுத உட்கார்ந்திருக்கக் கூடாது.

தீபா மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் பார்த்த பெண். கேன்டீன் கை மாறியதும் வேலை போய்விட்டது. "அடை, தோசை, பணியாரம், அவ்ளோதாண்ணா. ஆனா என் பிள்ளைக்குக் குடுக்கற மாதிரி சுத்தமா இருக்கணும்" என்றாள். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஃபிளாட்டில், கேட்டுக்கு உள்ளேயே சாயங்காலம் வண்டி போட இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அசோசியேஷன் செயலாளர் பத்ரிநாராயணன் என்று ஒரு ரிட்டயர்டு ஆபீசர். அவர் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று: அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தக் கூடாது. வண்டியைக் கொண்டுவந்து வேலை செய்து காட்டினால்தான் அனுமதி.

ஜி.எஸ்.டி. ரோட்டில் நிறுத்தினால் துரத்துவார்கள். வேறு நல்ல இடமெல்லாம் ஏற்கெனவே யாரோ பிடித்தாயிற்று. இந்த இடம் கிடைக்கவில்லை என்றால் தீபாவிடம் இருப்பது வண்டி இல்லை, சக்கரம் வைத்த பீரோ.

ஆகஸ்ட் 6, புதன்

முழு நாளும் சுரண்டல். அடுப்புக்கு மேலே இருக்கிற புகைக்கூண்டிலிருந்து துண்டு துண்டாக வந்தது. "அல்வா மாதிரி வருதுண்ணா" என்றான் தயாளன். அவன் வாயில் நல்ல வார்த்தையே வராது.

வீட்டுக்கு வந்தால் என் பெண்டாட்டி சாமுண்டி கேசரி கிண்டியிருந்தாள். மேலே நெய் மினுமினு என்று நின்றது. நான் தட்டை நகர்த்தினேன்.

"இன்னாய்யா, என் கேசரி உன் வண்டி மாதிரி கீதா?"

ஆமாம் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. இன்று எனக்கு மோர் சோறு.

ஆகஸ்ட் 9, சனி

எத்தனை சோப்பு போட்டாலும் கையில் அதே வாடை. கோயிலில் திருநீறு பூசினேன். நெற்றியிலும் பர்கர்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தீபாவின் தம்பி தினகரன் வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி. போனில் ஏதோ வெளிநாட்டு வண்டியின் படம் காட்டி, "இதே மாதிரி பண்ணிடுங்கண்ணா" என்றான். அழகான வண்டிதான். ஆனால் விற்கிற ஜன்னல் வலது பக்கம் இருக்கிறது.

"தம்பி, அந்த ஊர்ல வண்டியை வலது ஓரமா நிறுத்துவாங்க, ஜனங்களும் அந்தப் பக்கம் நிப்பாங்க. நம்மூர்ல இப்படி வெச்சா தோசை வாங்கறவன் தண்ணி லாரி மடியிலதான் குந்தணும்."

சிரித்தான். நல்ல பையன் என்று நினைத்தேன். அடுத்தது ஆரம்பித்தான். சிங்க்குக்கு அடியில் அழுக்குத் தண்ணிக்கு டேங்க் எதற்கு, அந்த இடத்தில் ஃப்ரீசர் வைக்கலாம், தரையில் ஒரு ஓட்டை போட்டுப் பைப்பைக் கீழே விட்டுவிட்டால் போதும், எல்லா வண்டியிலும் அப்படித்தானே இருக்கிறது, யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்.

யார் பார்க்கிறார்களா? நான் பார்க்கிறேன். தாம்பரத்தில் சாயங்காலம் எந்த வண்டிக்குப் பின்னால் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். வெள்ளையாக ஒரு ஓடை போகும். நூடுல்ஸ், முட்டை ஓடு, எச்சில் எல்லாம் அதில் மிதக்கும். ஒரு நாய் நக்கிக்கினு இருக்கும். அந்த ஓடையில் ஒரு காலை வைத்துக்கொண்டே ஒருத்தன் ஃபிரைடு ரைஸ் சாப்பிடுவான், இன்னொரு கையில் போன். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாஸ் கேட்கிறான்.

"தினா, நீ சும்மா இரு. டேங்க் இருக்கட்டும்ணா" என்றாள் தீபா.

ஆகஸ்ட் 20, புதன்

டேங்க் வேலை. வண்டிக்கு அடியில் தொங்கவிட்டால் சுலபம். ஆனால் நம்ம பக்கம் ஸ்பீடு பிரேக்கர் போடுகிறவன் வீட்டுச் சுவர் மாதிரி போடுகிறான், முதல் நாளே டேங்க் பிய்ந்து ரோட்டில் கிடக்கும். அதனால் உள்ளேயே வைத்தேன். நல்ல தண்ணி டேங்க்கைவிட இதைப் பெரிதாகச் செய்தேன்.

"ஏண்ணா, உள்ள ஊத்தற தண்ணிதானே வெளிய வரும்?" என்றான் தயாளன்.

"உள்ள போறது தண்ணி மட்டும்டா. வெளிய வர்றப்போ சட்னி, மாவு, மாமியார் மேல இருக்கற கோவம் எல்லாம் சேந்து வரும்."

ஜனங்கள் நிற்பது இடது பக்கம். அவர்கள் காலடியில் அழுக்குக் குழாய் இருக்கலாமா? அதனால் திறந்துவிடுகிற குழாயை வலது பக்கம் வைத்தேன். ரசமட்டம் போட்டுப் பார்த்து, குழாய்ப் பக்கம் ஒரு விரல் தாழ்ந்து இருக்கிற மாதிரி வெல்டு வைத்தேன். ஒரு வாளி ஊற்றித் திறந்தேன். கடைசிச் சொட்டு வரை வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நல்ல வேலைக்காரன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆர்.டி.ஓ. வேலை முடிந்தது. உயரம், அகலம், சிலிண்டர் பெட்டி எல்லாம் பார்த்துச் சரி என்றார்கள். வழியில் டீ குடித்த கடையின் கிளாஸைப் பற்றி எழுத மாட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

வண்டியை ஃபிளாட்டுக்குள் கொண்டுபோய் அவர்கள் காட்டிய ஓரத்தில் நிறுத்தினோம். பார்க்க இருபது முப்பது பேர். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், கல்யாண மண்டபம் மாதிரி. தீபா முதல் தோசை ஊற்றினாள். மாவு கல்லில் ஒரு பக்கமாக ஓடியது. இந்தப் பக்கம் அப்பளம், அந்தப் பக்கம் ஊத்தப்பம். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

பத்ரிநாராயணன் சார், "டேங்க்கைக் காலி பண்ணிக் காட்டுங்கோ" என்றார். வலது பக்கக் குழாயில் ஹோஸ் மாட்டி அவர்களுடைய டிரெய்னேஜ் தொட்டியில் விட்டுத் திறந்தேன். கொஞ்ச நேரம் வந்தது. நின்றுவிட்டது. அவர் உள்ளே ஏறி டேங்க் மூடியைத் தூக்கினார். பாதித் தண்ணீர் அப்படியே நிற்கிறது. நேற்று ஷெட்டில் ஒத்திகை பார்த்தபோது கழுவிய மாவுத் தண்ணீர். புளித்து, நுரைத்து, பார்க்கவே சகிக்கவில்லை. நாற்றம் முதல் வரிசை நாற்காலி வரைக்கும் போனது.

மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று ரோட்டை ஓரத்துக்குச் சரித்துத்தான் போடுவார்கள். வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. என் குழாய் வலது பக்கம், மேட்டில். நான் வைத்த ஒரு விரல் சரிவு எந்த மூலைக்கு?

கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு அவர், "இந்த நாத்தத்தை எங்க காம்பவுண்டுக்குள்ள விட முடியாது" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து ஃபிளாட்டின் செப்டிக் டேங்க் லாரி பின்பக்க கேட்டிலிருந்து வெளியே போனது. போன வாரம் அதே லாரி வயல் ஓரத்து ஓடையில் மொத்தத்தையும் திறந்துவிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"சார், எங்க பாதித் தண்ணி உள்ளதான் நிக்குது. உங்க முழுத் தண்ணி தெனம் லாரி ஏறி ஓடைக்குப் போவுதே, அதுக்கும் கைக்குட்டை வெச்சிக்கினீங்களா?"

பின்னால் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் செக்கச்செவேல் என்று ஆனது. "வண்டியை எடுங்கோ. இனிமே இங்க வர வேண்டாம்."

 பெருங்களத்தூர் சிக்னலில் தீபா சொன்னாள். "டேங்க்கை நீங்க சரி பண்ணிடுவீங்கண்ணா. உங்க வாயை யார் வெல்டு பண்றது? எனக்கு வேற எடம் ஏது?"

செப்டம்பர் 8, திங்கள்

"நீ சொன்னது பொய்யா?" என்று சாமுண்டி கேட்டாள். இல்லை. "அப்போ மூஞ்சி ஏன் இப்படி கீது?"

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்னாடா ஆளு நீ? எத்தினி வருஷமா இந்த ரோட்டுல வண்டி ஓட்டிக்கினு கீறே. எந்த ரோடு நேரா கீது? தெரியாதா உனக்கு? தெரியும். ஷெட்டுல சிமெண்ட் தரை சமமா இருந்துச்சு, ரசமட்டத்துல குமிழி நடுவுல நின்னுச்சு, உடனே உலகமே சமம்னு நெனச்சுக்கினே.

நான் இப்படிப் புலம்பிக்கொண்டிருந்தபோது தயாளன் மெதுவாகக் கேட்டான். "அண்ணா, இந்த வண்டியைச் சுரண்டின கழிசடையை நாம எங்க கொட்டினோம்?"

பக்கத்துக் காலி மனையில். நான்தான் கொட்டச் சொன்னேன். அன்றைக்கு இதை எழுதக்கூடத் தோன்றவில்லை. போய்ப் பார்த்தேன். புல் கருகி, வட்டமாக, கறுப்பாகக் கிடக்கிறது. மேலே ஈ.

லாரிக்காரனையும் என்னையும் பக்கத்தில் நிறுத்தினால், அவன் என்னைவிடக் கொஞ்சம் தூரமாவது போய்க் கொட்டியிருக்கிறான்.



செப்டம்பர் 11, வியாழன்

காலி மனையில் கொட்டியதை மண்ணோடு வெட்டி மூட்டை கட்டினோம். பழைய எண்ணெய் எடுக்கிற ஆளைத் தேடிப் பிடித்து, அவனிடம் கெஞ்சி ஏற்றிவிட்டோம். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். அவன் பிழைப்பே அதுதான், அவனுக்கே தாங்கவில்லை.

டேங்க்கை இடது பக்கம் சரித்து, குழாயைப் பின் மூலைக்கு, படிக்கட்டுக்குக் கீழே மாற்றினேன். ஜனங்கள் காலில் படாது. தோசைக் கல்லுக்கு நாலு மூலையிலும் திருகு வைத்தேன். வண்டி எப்படிச் சாய்ந்தாலும் கல்லை நிமிர்த்திக்கொள்ளலாம். இந்த முறை ஷெட்டுக்குள் சோதிக்கவில்லை. தெருவில், பள்ளத்து ஓரம் நிறுத்திப் பார்த்தோம்.

டேங்க்கைக் கழுவத் தினகரனும் வந்தான். இரண்டு தடவை வெளியே ஓடி வாந்தி எடுத்தான்.

"நல்லா மோந்து பாத்துக்கோ தம்பி. இதைத்தான் ரோட்டுல விடச் சொன்னே."

"சாரிண்ணா" என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவை ஓடினான்.

செப்டம்பர் 13, சனி

பத்ரிநாராயணன் சார் வீட்டுக்குப் போனேன். தீபா அனுப்பவில்லை, சாமுண்டி அனுப்பினாள். உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்பு. வாழ்க்கையில் இவ்வளவு கசப்பான சாமானை நான் முழுங்கினதில்லை. அவர் மனைவி ரமா காபி கொடுத்தார். அதுவும் கசப்பு, ஆனால் நல்ல காபி.

"நாலு பேர் முன்னாடி கேட்டது தப்பு சார். டேங்க்கும் என் தப்பு. அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல" என்றேன். கேட்ட விஷயம் தப்பு என்று சொல்லவில்லை. அவரும் கவனித்தார்.

சார் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். பிறகு, "அந்த லாரி எங்க போறதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அது கிளம்பற நேரத்துல நான் இந்த ஜன்னலைச் சாத்திப்பேன். எனக்கும் குமட்டறது. மீட்டிங்ல ரெண்டு தடவை எடுத்தேன். மெயின்டனன்ஸ் ஏறுமான்னு எல்லாரும் கேட்டா. நான் உக்காந்துட்டேன்."

இந்த மனுஷரை எப்படிக் கிண்டல் பண்ணுவது?

உள்ளேயிருந்து ரமா அம்மா, "அந்தப் பொண்ணு அடை பண்ணுவாளான்னு கேளுங்கோ" என்றார். பண்ணுவாள் என்றேன். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணியானா டிஃபன் டிஃபன்னு இவர் பிராணனை வாங்கறார். வண்டி வரட்டும். வரலைன்னா மீட்டிங்குக்கு நான் வரேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை காட்டுங்கோ. டேங்க் காலி ஆறதை நான் பார்க்கணும். லாரி விஷயத்தையும் திரும்ப எடுக்கறேன், யாரும் கேக்கப்போறதில்லை. ஒரு கண்டிஷன். நீங்க வாயைத் திறக்கப்படாது."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வண்டி அதே ஓரத்தில் அதே மாதிரி சாய்ந்து நின்றது. குழாயைத் திறந்தேன், கடைசிச் சொட்டு வரை வந்தது. பத்ரிநாராயணன் சார் டேங்க்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். இறங்கிப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். அவருக்குப் பின்னால் கேட் வரைக்கும் ஆட்கள். தீபாவின் தோசை வட்டமாக வந்தது.

நான் பேசவில்லை. ஜன்னலுக்கு மேலே தூக்கி வைத்திருக்கிற தகரக் கதவின் ஒரு பக்கக் கம்பி கொக்கியில் சரியாக உட்காரவில்லை என்பதைப் பார்த்தேன். பேசக் கூடாது என்பதால் கையைத் தூக்கி ஆட்டினேன். சாரும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். கதவு மெதுவாக இறங்கி அவர் தலையில் உட்கார்ந்தது. தட்டிலிருந்த சட்னி அவருடைய சட்டைப் பையில் விழுந்தது. தயாளன் கதவைத் தூக்க ஓடினான். சார் அங்கிருந்து நகர்ந்தால் வரிசையில் இடம் போய்விடும் என்று நகரவில்லை. தலையில் கதவோடு நின்றபடியே தீபாவிடம் இன்னொரு கரண்டி சட்னியும், ரமா அம்மாவுக்கு இரண்டு அடை பார்சலும் சொன்னார்.