தண்ணீர் வராத ஐந்தாவது குழாய்

டீச்சர்,

இன்று காலை பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு நோட்டுப் புத்தகக் கடை வாசலில் கோந்து வாசனை என்னைப் பிடித்து நிறுத்தியது. உள்ளே தெர்மாகோலில் செய்த அணைகளும் காற்றாலைகளும் எரிமலைகளும் பாலித்தீன் உறை போட்டுத் தொங்கின. ஒரு தகப்பனார் மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்காக ஓர் அணையை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இதுல தண்ணி ஊத்தினா ஓடுமா?" என்று கேட்டார்.

"ஊத்திடாதீங்க சார், கரைஞ்சு போயிடும். மேசையில நின்னா போதும்" என்றார் கடைக்காரர்.

நீங்கள் இருந்திருந்தால் அந்த அணையைக் கையில் வாங்கி, கவிழ்த்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்.

நான் உங்களை முதலில் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில். குன்னத்துக்கு அப்பால் பருத்தி கருகிய செய்திக்காகப் போயிருந்தேன். ஊர்த்தெருவின் நடுவே நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நீளமான ட்யூபைத் தரையில் கிடத்தி, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய ட்யூபுகளைக் கழுவி, ஒன்றோடொன்று சைக்கிள் வால்வு ட்யூபால் இணைத்தது. உள்ளே நீலம் கரைத்த தண்ணீர். என்ன விளையாட்டு என்று பார்க்க நெருங்கினேன்.

"நிருபர் சார், காலை எடுங்க. நியூஸை மிதிச்சிட்டு நிக்கிறீங்க" என்றீர்கள்.

பிறகுதான் விவரம் கேட்டேன். அரியலூரில் தொடக்கப் பள்ளிகளுக்கான கண்காட்சி. 'எங்கள் ஊர்' என்பது தலைப்பு. மற்ற பள்ளிகளில் ஆசிரியர்கள் தச்சரிடம் சொல்லி மாதிரி செய்யக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று ஒப்பிப்பார்கள். அதுதான் வழக்கம். நீங்கள் மட்டும் பிள்ளைகள் கை படாத எதையும் மேசையில் வைக்க மாட்டேன் என்றுவிட்டீர்கள். அவர்கள் செய்ய எடுத்துக்கொண்டது ஊரின் குடிநீர்த் தொட்டி. மூங்கில் கால்களில் ஒரு பால்பவுடர் டப்பா, அதிலிருந்து குளுக்கோஸ் ட்யூப், குழாய்களுக்குத் தீர்ந்துபோன பேனா ரீஃபில்கள். ஊர்த்தெருவில் நான்கு குழாய், காலனியில் ஒன்று. காலனிக் குழாயில் அன்று வரை தண்ணீர் வந்ததில்லை. காலனி மேட்டில் இருக்கிறது, தண்ணீர் ஏறாது என்பது பஞ்சாயத்தின் பதில்.

பிள்ளைகள் அதை அப்படியே நம்பினார்கள். களிமண்ணில் ஊரைச் செய்தபோது காலனியை ஒரு குன்று போல உயர்த்தி வைத்தார்கள். காலனிப் பிள்ளைகளே தங்கள் கையால் தங்கள் தெருவை மேட்டில் ஏற்றினார்கள். அவர்களில் ஒருத்தி, மூக்குத்தி போட்ட சின்னப் பெண், மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாளாம்: "மழை பேஞ்சா ஊர்த்தெரு தண்ணியெல்லாம் எங்க வூட்டுக்குள்ளதான டீச்சர் வருது? அப்ப அது எப்படி மேடு?"

நீங்கள், "அளந்துட்டு வந்து ஒட்டுங்க" என்று மட்டும் சொன்னீர்கள். கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கிற வித்தைதான்: ட்யூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், தரை பள்ளமான பக்கம் நிற்பவருக்கு அது உடம்பில் உயரமாகத் தெரியும். அந்த ட்யூபைத்தான் நான் மிதித்திருந்தேன்.

தொட்டியடியில் தொடங்கி, ட்யூபை நகர்த்தி நகர்த்தி, காலனி வாசல் வரை போனோம். கடைசி இடத்தில் மூக்குத்திப் பெண் காலனிப் பக்கம் நின்றாள். ஊர்த்தெருப் பையன் ஒருவன் மறுபக்கம் நின்றான்.

"எனக்கு முட்டிகிட்ட நிக்குது டீச்சர்" என்றான் பையன்.

"எனக்கு இடுப்புக்கு வந்துடுச்சு."

"அவ குள்ளம் டீச்சர், அதான்."

"சரி, இடம் மாறி நில்லுங்க" என்றீர்கள்.

மாறி நின்றார்கள். இப்போது பையனுக்கு இடுப்பில் நின்றது. அவன் தன் இடுப்பையும் அந்த நீலத் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். காலனித் தரை பள்ளம் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கிய மகிழ்ச்சியில் அவனே சொன்னான்: "அப்ப வால்வை மூடி வெச்சிருப்பாங்க டீச்சர். அந்த வளைவுல குழி இருக்குல்ல, எங்க சித்தப்பாதான் மூடுவாரு."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினேன். நீங்கள், "அப்ப நம்ம மாடல்லயும் அங்க ஒரு வால்வு வேணுமே" என்றீர்கள். குளுக்கோஸ் ட்யூபின் கிளிப்பை அந்தப் பையனே மாட்டினான். களிமண் குன்றைப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து இடித்தார்கள்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் பஞ்சாயத்துக்காரரும் கல்வி அதிகாரி ஒருவரும் பள்ளிக்கு வந்தார்கள். அதிகாரி நயமாகத்தான் பேசினார். "அஞ்சு குழாய்லயும் தண்ணி வரட்டும் டீச்சர். கண்காட்சிதானே, பார்க்க நல்லாயிருக்கும்."

"ஊர்ல வரட்டுங்க சார். பத்து நிமிஷத்துல இதுலயும் விட்டுடறோம்."

"கொள்ளிடத்துப் பக்கம் எங்கயாவது போய்ப் பாடம் நடத்த வேண்டியிருக்கும்."

"அங்கயும் புள்ளைங்க இருக்குங்க."

அரியலூரில் மற்றப் பள்ளிகளின் மாதிரிகள் மேசையில் நின்றன. தண்ணீர் சிந்தும் என்று உங்கள் பிள்ளைகளை வராந்தாவில் விட்டார்கள். கூட்டம் அங்கேதான் சேர்ந்தது, ஓடுகிற தண்ணீரை யார்தான் பார்க்காமல் போவார்கள். விருந்தினராக வந்த மேலதிகாரி குனிந்து கேட்டார்: "இந்தக் கடைசிக் குழாய் கெட்டுப் போச்சா பாப்பா?"

"இல்லைங்க சார், இங்க மூடியிருக்கு."

"திறந்தா?"

மூக்குத்திப் பெண் உங்களைப் பார்த்தாள். நீங்கள் தலையாட்டவில்லை, தடுக்கவும் இல்லை. அவளே கிளிப்பை எடுத்தாள். ஐந்து குழாயிலும் அதிக வேகமாக வந்தது காலனிக் குழாயில்தான். பள்ளத்துக்குத் தண்ணீர் அப்படித்தான் போகும். மேலதிகாரியின் செருப்பு நனைந்தது. அவர் கூட்டத்தில் நின்ற பஞ்சாயத்துக்காரர் பக்கம் திரும்பினார். "மேடுன்னு எழுதிக் கொடுத்தீங்களே?"

பரிசு தெர்மாகோல் கோபுரம் ஒன்றுக்குப் போனது. உங்களுக்குக் கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. நான் எழுதிய செய்தி நான்கு வரியாகச் சுருங்கி, உள்பக்கத்தில் வந்தது. ஆனால் காலனி ஆட்கள் அதே ட்யூபை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய், பட்டப்பகலில், எல்லோர் முன்னும் மட்டம் பிடித்தார்கள். அதன் பிறகு மேடு என்ற சொல்லை அந்த ஊரில் ஒருவரும் பயன்படுத்த முடியவில்லை. வால்வு துருப்பிடித்திருக்கிறது என்றார்கள், சாவி காணோம் என்றார்கள். கோடை முடிவதற்குள் திறந்தார்கள். அதைப் பார்க்க நீங்கள் அங்கே இல்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது, "வேகமா வருதா?" என்று ஒன்றைத்தான் கேட்டீர்கள்.

அந்த ஊரில் உங்களிடம் கற்றதைத்தான் அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வோர் அலுவலகத்திலும் கேட்டேன். அங்கே சாலை போட முடியாது, அங்கே மண் சரியில்லை, அவர்களுக்கு அது தேவைப்படாது என்று யார் சொன்னாலும், அளந்தது யார் என்று கேட்டேன். பாதிப் பேர் காபி வரவழைத்தார்கள். மீதிப் பேர் எழுந்து போனார்கள்.

நீங்கள் போன பிறகு எல்லோரும் உங்களைப் பொறுமைசாலி என்கிறார்கள். அதிர்ந்து பேச மாட்டார் என்கிறார்கள். குரல் அதிரவில்லை, உண்மை. பொறுமை இருந்தது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரு கிளிப்பு மூடியிருப்பதை ஒரு நாள்கூட உங்களால் தாங்க முடிந்ததில்லை.

நாளை அந்தப் பள்ளியில் உங்களுக்கு நினைவுக் கூட்டம். நேற்று அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், நல்லவர்கள்தான். "நீங்க பேசணும் சார். அந்தக் குழாய் சங்கதி மட்டும் வேணாம். இப்ப எல்லாரும் ஒண்ணா இருக்கோம், பழசைக் கிளறின மாதிரி ஆயிடும்" என்றார்கள். டீ கொடுத்து அனுப்பினேன். வாக்குக் கொடுக்கவில்லை.

டீச்சர், நான் குழாயில்தான் தொடங்கப் போகிறேன்.