நிறுத்தச் சொன்னது நான்தான்

சனிக்கிழமை

என் பாலம் கட்டுபவருக்கு,

அங்கே மழை விட்டதா? மூன்றாவது தூணுக்குக் கான்கிரீட் போட்டாயிற்றா? இங்கே நானும் நம் வாலுவும் நலம். எனக்குத் தையல் போட்ட இடங்களில் கொஞ்சம் அரிப்பு, அவ்வளவுதான். உங்கள் மகள் இப்போது எல்லாவற்றுக்கும் ‘மாட்டேன்’ என்கிறாள். குளிக்கக் கூப்பிட்டால் மாட்டேன். மிட்டாய் வேண்டுமா என்றால்கூட முதலில் மாட்டேன், பிறகுதான் கையை நீட்டுகிறாள். அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நேற்று போனில், “அண்ணன் கொண்டுவந்த பேப்பர்ல கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இரு” என்றீர்கள். நான் ‘ம்’ என்றேன். அது சம்மதம் இல்லை. போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் வாலு தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் பித்தப்பை ஆபரேஷன் தள்ளிப்போனதற்கு டாக்டர் விடுப்பில் போனது காரணம் என்று சொன்னேன் அல்லவா? டாக்டர் அங்கேதான் இருந்தார். விடுப்பில் போனது நான். வார்டில் உடை மாற்றிப் படுக்க வைத்தார்கள், தள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டது, அடுத்து எனக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பஸ் ஸ்டாப். முதுகுப் பக்கம் நாடா கட்டும் அந்தப் பச்சை உடையோடு, ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் பக்கத்துக் கட்டில்காரியின் செருப்பு.

பின்னாலேயே ஒரு நர்ஸ் வந்தார். நாற்பது வயதிருக்கும், எப்போதும் தொண்டை கட்டிய மாதிரிக் குரல். வார்டில் எல்லோரும் அவரைக் கரகரப்பு நர்ஸ் என்றுதான் சொல்கிறார்கள், அவருக்கும் அது தெரியும். கையைப் பிடித்து இழுப்பார், கத்துவார் என்று நினைத்தேன். என் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். “பஸ் வர்றதுக்குள்ள அந்த நாடாவ முடிஞ்சு விடட்டுமா? காத்து வேற அடிக்குது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான். முடிச்சுப் போட்டுக்கொண்டே, “எது பயம்? ஊசியா, கத்தியா, ஆபரேஷன் தியேட்டர் கதவா?” என்று கேட்டார்.

பயப்படாதே என்று சொல்லாதவர் யார் இருக்கிறார்கள்? உங்கள் அண்ணன் சொன்னார், என் அம்மா சொன்னார், நீங்கள் போன் போட்டுப் போட்டுச் சொன்னீர்கள். எது பயம் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். முகமூடி என்றேன். மயக்கம் கொடுக்க மூக்கையும் வாயையும் மூடுவார்களே, அது. நான் வேதியியல் படித்தவள். அந்த மருந்தின் மூலக்கூறைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் அந்த ரப்பர் வாசனை கிட்டே வந்தால் என் மூச்சு நின்றுவிடுகிறது.

அன்று என்னை உடை மாற்ற வைத்து, அவரே பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி, பயிற்சிக்கு வைத்திருந்த பழைய முகமூடி ஒன்றைக் கழுவித் தந்தார். “வீட்ல கண்ணுல படுற இடத்துல போட்டு வைங்க. தொடணும்னு தோணுச்சுன்னா தொடுங்க, இல்லன்னா கெடக்கட்டும்” என்றார். ஒரு வாரம் அது டிவி மேல் கிடந்தது. வாலு அதை எடுத்துத் தன் கரடிக்கு மாட்டினாள். பிறகு எனக்கு மாட்டினாள். ஐந்து வரை எண்ணினேன். மறுநாள் இருபது. ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிந்து போகும்போது கரகரப்பு நர்ஸ் போன் செய்து, “இன்னிக்கு எத்தன?” என்று மட்டும் கேட்பார். வாங்கும் சம்பளத்தில் இது சேர்த்தி இல்லை.

அவர் ஒரு வாக்கும் கொடுத்தார். தியேட்டரில் நான் கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார். யார் என்ன சொன்னாலும் நிறுத்துவார்.

தூக்கினேன். மயக்க மருந்து டாக்டர் முகமூடியைக் கொண்டுவந்ததும் என் கை தானாக எழும்பவில்லை, நான்தான் தூக்கினேன். டாக்டர், “அதெல்லாம் வெறும் பயம்தான், ரெண்டு நிமிஷத்துல தூங்கிடுவாங்க, பிடிச்சுக்கோங்க” என்றார். கரகரப்பு நர்ஸ் முகமூடிக்கும் எனக்கும் நடுவில் தன் கையை வைத்தார். “நிறுத்தச் சொல்றாங்க டாக்டர். நிறுத்தணும்” என்றார். சத்தம் போடவில்லை. அந்தக் குரலில் சத்தம் போடவும் முடியாது. டாக்டர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வெளியே போனார். நான் எழுந்து உட்கார்ந்தேன். நர்ஸ் என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். நாற்பது நிமிடம். பிறகு டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, நானே முகமூடியைக் கேட்டு வாங்கி, என் கையாலேயே பிடித்துக்கொண்டேன். பதினேழு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. கல்லையும் பித்தப்பையையும் எடுத்துவிட்டார்கள், உங்கள் மனைவி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆனால் அந்த நாற்பது நிமிடத்தால் அன்றைய கடைசி ஆபரேஷன் நடக்கவில்லை. குடலிறக்கத்துக்காக வந்த பெரியவர் ஒருவர், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தவர், திரும்பிப் போனார். அவர் மகன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். இது என்னை உறுத்துகிறது, மறைக்க மாட்டேன். அவருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன் முடிந்ததும் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். “பட்டினி கெடந்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேக்காம அந்த நர்ஸ் பொண்ண விசாரிக்கிறாங்களாம்ல?” என்றார். மகன் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

இப்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் உங்கள் அண்ணன் கையில் கொடுத்தனுப்பிய அந்தப் பேப்பர் விஷயம். நீங்கள் அதைப் படிக்கவில்லை. ‘நான் நிறுத்தச் சொல்லவில்லை, முன்னால் போட்ட ஊசியின் வேகத்தில் என் கை அசைந்தது, செவிலியர் தாமாகவே நிறுத்தினார்’ என்று தட்டெழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. நான் போட்டால் டாக்டர் மேல் தப்பில்லை, ஆஸ்பத்திரி மேல் தப்பில்லை. கரகரப்பு நர்ஸ் ஒப்பந்த வேலையில் இருப்பவர், வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

உங்கள் அண்ணன் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. “இதோ பாரும்மா, ஒரு நர்ஸ் போனா இன்னொரு நர்ஸ். உன் ஃபைல்ல பயந்தவ, ஓடிப்போனவன்னு இருந்தா நாளைக்கு எவன் உனக்குக் காலேஜ்ல வேல குடுப்பான்?” என்றார். எனக்காகத்தான் சொல்கிறார். வார்டில் இன்னொரு நர்ஸ் வேறு வழி சொன்னார். நெஞ்சு வலித்தது என்று சொல்லிவிட்டால் எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாமாம். கரகரப்பு நர்ஸிடமே கேட்டேன். “வலிச்சுதா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப என்ன நடந்துச்சோ அதச் சொல்லுங்க. பயம்னா நிறுத்தக்கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்கு மாத்திரை கொடுக்கப் போய்விட்டார்.

அதனால் நான் என்ன செய்யப் போகிறேன் என்றால், வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணை அறைக்குப் போகிறேன். பயம்தான் என்று சொல்லப் போகிறேன். வெறும் பயம், நெஞ்சு வலி இல்லை. ஒருமுறை ஓடிப்போனேன் என்றும் சொல்வேன். செருப்பு மாறிப்போனதைக்கூடச் சொல்வேன். என் ஃபைலில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். அந்தக் காகிதத்தின் பின்பக்கம் நடந்ததை என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். உங்கள் அண்ணன் பார்த்தால் பாவம், அவருக்குத்தான் மயக்கம் வரும்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வாலு பிறந்த அன்று, அவசரம் அவசரமாக என்னை உள்ளே கொண்டுபோய் முகமூடியை அமுக்கியபோது, வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். கதவுக்கு வெளியே நீங்கள் இருந்தீர்கள். சத்தம் கேட்டு எழுந்தீர்களாம், “எல்லாப் பொம்பளைங்களும் இப்படித்தான் கத்துவாங்க” என்று யாரோ சொன்னதும் உட்கார்ந்துவிட்டீர்களாம். நீங்களேதான் பிறகு அதை ஒரு வேடிக்கைபோல எல்லோருக்கும் சொன்னீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. அன்று உங்களுக்கும் தெரியவில்லை.

இப்போது தெரியும், சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உயரத்தில் ஏறும்போது பெல்ட் போட மறக்காதீர்கள். கடிதம் செவ்வாய்க்குள் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்காரர் சொல்கிறார். புதன்கிழமை மாலை எனக்குப் போன் செய்யுங்கள். யோசித்துப் பார், அவசரப்படாதே, அண்ணனைக் கேள் என்றெல்லாம் வேண்டாம். ‘போய்ச் சொல்லு’ என்று ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் போவேன்.

ஆனாலும் சொல்லுங்கள்.

உங்கள் பயந்தாங்கொள்ளி,
வாலுவின் அம்மா