ஸ்வாதி தெரிகிறதா

மைசூர்
2-3-1997

தம்பி பாலனுக்கு,

அக்கா வடிவு எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் பேனாவுக்குப் பஞ்சமா, இல்லை ஆவணியில் கல்யாணம் என்று முடிவானதும் மாப்பிள்ளை முறுக்கு வந்துவிட்டதா? அக்கா மகளைக் கட்டப் போகிறவனுக்கு அக்காவிடம் முறுக்கு செல்லாது, நினைவிருக்கட்டும்.

ஸ்வாதிக்கு வேலை கிடைத்திருக்கிறது. நம் தெருவுக்குப் பின்னால் சின்ன மியூசியம் ஒன்று இருக்கிறதல்லவா, அங்கே டிக்கெட் கொடுக்கிற வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பெரியவர்களுக்கென்று அங்கே வகுப்பு நடக்கிறது. ரிட்டையரானவர்கள், பாங்கில் வேலை பார்ப்பவர்கள், எங்கள் தெரு ரங்கம்மா டீச்சர் எல்லோரும் வருகிறார்கள். ஒரு வாரம் பழைய காசு, ஒரு வாரம் பாம்பு, மற்ற நாளெல்லாம் அங்கேயே உள்ள கோளரங்கத்தில் நட்சத்திரம். முடியும்போது இருட்டிவிடுவதால் உன் மாமா என்னை அவளுக்குத் துணையாக அனுப்புகிறார். முதல் நாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பெடுக்கிற பசவராஜ் சார், “உள்ளே பன்னி, வாங்கம்மா, இங்கே ஏன் கொசுக்கடி?” என்று கன்னடமும் தமிழுமாகக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்.

கூரை கவிழ்த்த அண்டா மாதிரி இருக்கிறது. விளக்கை அணைத்ததும் எல்லோரும் ‘ஆகா’ என்றார்கள். எனக்கு வெறும் கறுப்பு. கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்சம் நேரமாகும் என்று சார் சொன்னார். நானும் பொறுத்துப் பார்த்தேன். ரங்கம்மா டீச்சர் என் தோளைத் தட்டி, “அதோ பாரு, உன் மக பேருள்ள நட்சத்திரம், ஸ்வாதி, எப்படி ஜொலிக்குது” என்றார். நானும் தலையை ஆட்டி வைத்தேன். பெற்றவளுக்கே தெரியவில்லை என்றால் மானக்கேடு இல்லையா?

திரும்பி வரும்போது ஸ்வாதி என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். துணைக்குப் போகிறவள் யார் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் அக்கா,
வடிவு


மஸ்கட்
20-3-1997

அன்பு அக்காவுக்கு,

பாலன் வணக்கம். லிங்கப்பன் மாமாவுக்கும் வணக்கம் சொல்லவும். ஸ்வாதிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, கேட்டேன் என்று சொல்.

அவள் வேலைக்குப் போவது எனக்குச் சந்தோஷம். கல்யாணத்துக்குப் பிறகும் போகட்டும். நான் இன்னும் கொஞ்ச காலம் இங்கே கான்கிரீட் லாரி ஓட்டிவிட்டு மைசூருக்கே வந்துவிடுகிறேன். இந்தத் தகரக் கொட்டகையில் வெயிலும் மூட்டைப்பூச்சியும் போட்டி போட்டுக் கடிக்கின்றன. ஆவணி, ஆவணி என்று சொல்லிக்கொண்டுதான் படுக்கிறேன். அந்தக் கோளரங்கத்து வாசலில் அவளை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

இங்கே எல்லோரும் வால் நட்சத்திரம் தெரிகிறது என்று வெளியே ஓடுகிறார்கள். எனக்குப் பொழுது சாய்ந்தால் களைப்பு, நான் போகவில்லை. கல்யாணத்துக்கு அது ஏதும் கெடுதல் இல்லையே என்று பசவராஜ் சாரைக் கேட்டு எழுது.

நீ முருங்கைக்கீரை சாப்பிடு அக்கா. நம் அப்பாவுக்கும் மாலைக்கண் இருந்ததே.

உன் தம்பி,
பாலன்


மைசூர்
13-4-1997

அன்புத் தம்பிக்கு,

போட்டோ இத்துடன் இருக்கிறது. சிரிக்கச் சொன்னால் உன் வருங்காலம் முறைக்கிறது, என்னைத் திட்டாதே. வால் நட்சத்திரம் யாருக்கும் கெடுதல் செய்யாதாம். அது பாட்டுக்கு வந்து அது பாட்டுக்குப் போகிற பனிக்கட்டி என்று சார் சொன்னார்.

போன வாரம் வகுப்பை மொட்டை மாடியில் வைத்தார்கள். எல்லோரும் மேற்கே பார்த்து வால் எவ்வளவு நீளம் என்று வாதாடுகிறார்கள். நான் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். நேற்று ‘இருட்டும் கண்ணும்’ என்று ஒரு டாக்டரம்மா பேச வந்தார். பொழுது சாய்ந்தால் யாருக்குத் தடுமாற்றம் என்று கேட்டார். ஸ்வாதி என் கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் தூக்கிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே அறைந்திருப்பேன்.

டாக்டரம்மா வகுப்பு முடிந்ததும் என் முகத்துக்குப் பக்கவாட்டில் விரலை ஆட்டினார். எனக்கு விரல் தெரியவில்லை, தம்பி. பட்டப்பகல் போல விளக்கு எரிகிறது, பக்கத்தில் ஆடுகிற விரல் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

அப்பா பொழுது சாய்ந்தால் கயிற்றுக் கட்டிலை விட்டு இறங்க மாட்டாரே. கூப்பிட்டால் எரிந்து விழுவார். முன்கோபி என்றே நாம் நினைத்திருந்தோம். நேற்று ராத்திரி முழுக்க அந்தக் கட்டில்தான் எனக்கு ஞாபகம்.

அக்கா,
வடிவு


மஸ்கட்
5-5-1997

அக்காவுக்கு,

போட்டோ கிடைத்தது. முறைத்தாலும் பரவாயில்லை.

டாக்டர் சொல்வதையெல்லாம் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. எனக்கு வேலையில் சின்ன மாற்றம். சாயங்காலம் லாரியைத் திருப்பும்போது ஒரு தடுப்புச் சுவரில் உரசிவிட்டது. தூசிதான் காரணம். இனி பகலில் மட்டும் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் நல்லதுக்குத்தான்.

பாலன்


மைசூர்
25-5-1997

தம்பி பாலனுக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கோபப்படாமல் படி.

ஆஸ்பத்திரியில் பார்த்தாகிவிட்டது. இது கீரை தின்று போகிற மாலைக்கண் இல்லையாம். பிறக்கும்போதே கூட வந்தது, பார்வை மெல்ல மெல்லச் சுருங்கி ஒரு நாள் பகலையும் மூடிவிடுமாம். மருந்து இல்லை. இல்லை என்பதை எத்தனை தடவை கேட்டாலும் அந்த அம்மா பொறுமையாகச் சொல்கிறார்.

உன் அப்பா அம்மா உறவா என்று கேட்டார். அம்மா, அப்பாவின் சொந்த அக்கா மகள் என்றேன். கூடப் பிறந்தவர்கள் உண்டா, அவர்களுக்கு இரவில் கண் தெரிகிறதா என்று கேட்டார். தம்பிக்குத்தான் மகளைக் கொடுக்கப் போகிறோம் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஸ்வாதிக்குக் கண்ணில் குறை இல்லை, ஆனால் என்னிடமிருந்து அது அவள் ரத்தத்தில் இருக்கிறதாம். உனக்கும் என்னைப் போல இருந்தால், உங்களுக்குப் பிறக்கிற பிள்ளைகளில் பாதிக்குப் பாதி கண் போகும் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் மாமா குதித்தார். “டாக்டரம்மா சொன்னாங்கன்னு வாக்க மாத்தறதா? கொள்ளேகாலத்துல சத்திரத்துக்குச் சொல்லியாச்சு. நம்ம சாதிசனத்துல எவன் வெளியில பொண்ணு குடுத்தான்?” என்று கத்தினார். பிறகு அவரே தணிந்து, “சரி, பாலனையே கேளு. அவங் கண்ணு நல்லாருந்தா ஆவணில கல்யாணம். இல்லைன்னா வேண்டாம்” என்றார்.

அதனால் கேட்கிறேன். தடுப்புச் சுவரில் உரசியது தூசியாலா? பொழுது சாய்ந்த பிறகு கொட்டகைக்கு வெளியே நின்று மேலே பார். நட்சத்திரம் தெரிகிறதா இல்லையா, அதை மட்டும் எழுது. அந்த ஒரு வரி போதும்.

“மாமா என்ன எழுதினாலும் நம்பலாம்மா, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க” என்று ஸ்வாதி சொல்கிறாள். சொல்லிவிட்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நிற்கிறாள். நான் என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா,
வடிவு


மஸ்கட்
12-6-1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்தேன். உனக்கு இப்படி ஆனதில் என் நெஞ்சு கனக்கிறது. நான் வந்ததும் பெங்களூரில் பெரிய டாக்டரிடம் காட்டுவோம்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்கு எல்லாம் தெரிகிறது. நேற்றும் சாப்பிட்டுவிட்டு வெளியே நின்றேன். வால் நட்சத்திரம் மேற்கே பளிச்சென்று இருந்தது. வால் விசிறி போல விரிந்திருக்கிறது. தினமும் பார்க்கிறேன். கூட இருக்கிறவர்கள் சாட்சி.

இனி இந்தப் பேச்சு வேண்டாம் அக்கா. இத்தனை வருஷம் இந்த மணலில் நான் யாருக்காகக் கிடக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவளை என்னிடமிருந்து எடுத்துவிடாதே. மாமாவிடம் சத்திரத்துக்கு முன்பணம் கட்டச் சொல்.

உன் தம்பி,
பாலன்


மைசூர்
29-6-1997

என் தம்பி பாலனுக்கு,

உன் கடிதம் போன வாரம் ஒரு சாயங்காலம் வந்தது. அந்த வெளிச்சத்தில் எனக்கு எழுத்து தெரியாததால் ஸ்வாதிதான் படித்தாள். உன் மாமாவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். ‘எனக்கு எல்லாம் தெரிகிறது’ என்று படிக்கும்போது அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். வால் நட்சத்திரம் என்ற வரியில் நின்றுவிட்டாள்.

மியூசியம் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றன்று வானத்தில் என்ன பார்க்கலாம் என்று எழுதுவது அவள் வேலை. வால் நட்சத்திரம் சூரியன் பக்கம் போய்விட்டது, இனி கண்ணுக்குத் தெரியாது என்று பசவராஜ் சார் மே மாசமே சொல்லிவிட்டார். பலகையிலிருந்து அந்த வரியைத் துடைத்தவள் அவள்தான்.

“அப்பா, வால் நட்சத்திரம் போயி ஒரு மாசமாச்சு” என்றாள். கடிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துப் போட்டுக் கழுவினாள். உன் மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நஞ்சன்கூடு மில்லுக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் கொள்ளேகாலம் பஸ் ஏறிப் போய் சத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரோ எப்போதோ பார்த்துச் சொன்னதைக் கேட்டு நீ எழுதியிருக்கிறாய். உள்ளதை எழுதியிருந்தாலும் கல்யாணம் நின்றிருக்கும், பொய் எழுதினாய், அப்போதும் நின்றுவிட்டது. நீ எதை எழுதியிருந்தால் நான் உன் பக்கம் நின்றிருக்க முடியும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்த கையால் இதை எழுதுகிறேன். எனக்கு அழுகையாக வருகிறது.

சனிக்கிழமை வகுப்புக்கு நான் இன்னும் போகிறேன். எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். விளக்கை அணைத்ததும் முதலில் கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் எல்லோரும் என்னோடு இருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொருவராக ‘ஆகா’ என்று போய்விடுவார்கள்.

ஸ்வாதி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னாள். “மாமாவ ஆவணில வரச் சொல்லும்மா. கல்யாணத்துக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்கு. ரெண்டு பேரையும் நானே கைபுடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.” அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அப்போது இருட்டிவிட்டது.

வந்துவிடு. பகலிலும் லாரி ஓட்டாதே, வேலையை விட்டே வந்துவிடு. பொழுது சாய்ந்தால் எங்கேயும் தனியாக நடக்காதே, யாரையாவது கூட்டிக்கொள், வெட்கப்படாதே. இந்தக் கடிதத்தை நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து படி.

உன் அக்கா,
வடிவு